வீட்டுக் கணினியில் காலிபர் சர்வரைத் தானாக ஓட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னூல்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் நிரலான காலிபரில் நூல்களை வைத்திருப்பவர்களுக்கு அதனுள் ஒரு சர்வரும் இருப்பது தெரிந்திருக்கும். வீட்டு வைஃபையில் இருக்கும் எந்த போனிலும் டேப்லெட்டிலும் பிரவுசரைத் திறந்து, அந்த நூல்களைத் தேடிப் படிக்கலாம். ஆனால் பல வீடுகளில் அது பாதி நேரம் ஓடுவதில்லை. கணினியை ஆன் செய்து, லாகின் செய்து, காலிபரைத் திறந்து, சர்வரைத் தொடங்க ஒருவர் வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் அம்மாவுக்குப் படிக்கத் தோன்றும். கணினிக்கு உயிர் வந்தாலே சர்வருக்கும் உயிர் வர வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கத்தின் நோக்கம்.

மெனுப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும், தட்டச்சு செய்வதும் ஆங்கிலத்தில்தான்.

இந்த சர்வரைத் தனியாக நிறுவ வேண்டுமா?

வேண்டாம். காலிபரை நிறுவும்போதே அதுவும் வந்துவிடுகிறது. கோவித் கோயல் 2006-ல் சோனி மின்னூல் கருவி ஒன்றை லினக்ஸில் வேலை செய்ய வைப்பதற்காக எழுதத் தொடங்கிய நிரல் இது. காலிபர் என்ற பெயர் 2008-ல் வந்தது. 2017-ல் வந்த 3.0 பதிப்பில் சர்வரைப் புதிதாக எழுதினார்கள். அதன் பிறகுதான் நூலைப் பதிவிறக்காமல் பிரவுசரிலேயே படிக்கும் வசதி கிடைத்தது.

சர்வரை ஓட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாம் வழக்கமாகத் திறக்கும் காலிபர் ஜன்னலுக்குள்ளேயே ஓட்டுவது. இன்னொன்று, காலிபர்-சர்வர் என்ற தனி நிரலை ஓட்டுவது. இதற்கு ஜன்னல் கிடையாது, திரை கூடத் தேவையில்லை. விண்டோஸில் புரோகிராம் பைல்ஸுக்குள் காலிபர்2 என்ற போல்டரில் இருக்கும். மேக்கில் காலிபர் ஆப்பின் உள்ளே கன்டென்ட்ஸ், அதற்குள் மேக்ஓஎஸ் என்ற போல்டரைப் பாருங்கள். லினக்ஸில் காலிபர் தளத்தின் நிறுவியைப் பயன்படுத்தியிருந்தால் ஆப்ட் போல்டருக்குள் கிடைக்கும்.

இரண்டில் எது நல்லது?

கணினியில் தினமும் உட்கார்ந்து வேலை செய்பவர், காலிபரை எப்போதும் திறந்தே வைத்திருப்பவர் என்றால் ஜன்னல் வழியே போதும். ஒரு மூலையில் கணினி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, குடும்பத்தில் நாலு பேர் அதிலிருந்து படிக்கிறார்கள் என்றால் தனி நிரல்தான் சரி. என் பரிந்துரை எப்போதும் இரண்டாவதுதான். யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓடும், யாரோ தெரியாமல் ஜன்னலை மூடினாலும் நிற்காது.

ஜன்னல் வழியை எப்படி அமைப்பது?

பிரிஃபரன்ஸஸ் பக்கத்தில் "ஷேரிங் ஓவர் தி நெட்" என்ற இடத்துக்குப் போங்கள். காலிபர் தொடங்கும்போது சர்வரும் தானாகத் தொடங்கட்டும் என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் டிக் போடுங்கள். அப்புறம் லுக் அண்ட் ஃபீல் பகுதியில் சிஸ்டம் ட்ரே ஐகானை இயக்குங்கள். இனி மூடும் பொத்தானை அழுத்தினாலும் காலிபர் கடிகாரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

விண்டோஸில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, "ஷெல்:ஸ்டார்ட்அப்" என்று அடித்தால் ஒரு போல்டர் திறக்கும். காலிபரின் ஷார்ட்கட் ஒன்றை அதில் போட்டு, அதன் டார்கெட் வரியின் கடைசியில் இரண்டு சிறுகோடும் "ஸ்டார்ட்-இன்-ட்ரே" என்பதும் சேருங்கள். லாகின் செய்தவுடன் சத்தமில்லாமல் தொடங்கும். ஆனால் லாகின் செய்தால்தான் தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

விண்டோஸில் லாகின் இல்லாமலே ஓட வேண்டும். என்ன செய்ய?

டாஸ்க் ஷெட்யூலர் போதும், வேறு மென்பொருள் தேவையில்லை. பேசிக் டாஸ்க் என்பதை விட்டுவிட்டு "கிரியேட் டாஸ்க்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நமக்கு வேண்டிய அமைப்புகள் எல்லாம் அதில்தான் ஒரே இடத்தில் இருக்கின்றன.

ஜெனரல் தாளில் உங்கள் சொந்தக் கணக்கே இருக்கட்டும். பயனர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு என்ற தேர்வைப் போடுங்கள். சேமிக்கும்போது கடவுச்சொல் கேட்கும். அங்கே பின் நம்பர் செல்லாது, கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். "ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்" பெட்டியில் டிக் போடாதீர்கள். நூல் பரிமாற அட்மின் அதிகாரம் எதற்கு? சிலர் சிஸ்டம் கணக்கில் ஓட்டச் சொல்வார்கள். அதையும் தவிர்த்துவிடுங்கள். பாதுகாப்புக்கு நல்லதல்ல. அதோடு காலிபரின் அமைப்புகள் உங்கள் கணக்கின் ஆப்டேட்டா போல்டரில் இருக்கின்றன, சிஸ்டம் கணக்கில் ஓடும் சர்வர் அவற்றைப் பார்க்காது.

ட்ரிக்கர் தாளில் "அட் ஸ்டார்ட்அப்". ஒரு நிமிடத் தாமதமும் கொடுத்துவிடுங்கள், அதற்குள் நெட்வொர்க் எழுந்துவிடும். ஆக்‌ஷன் தாளில் காலிபர்-சர்வர் கோப்பைக் காட்டி, ஆர்கியுமென்ட்ஸ் பெட்டியில் லைப்ரரி போல்டரின் முழுப் பாதையை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். "காலிபர் லைப்ரரி" என்ற பெயருக்கு நடுவில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறி கட்டாயம்.

இனி முக்கியமான இடம். கண்டிஷன்ஸ் தாளில், கணினி மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு என்று ஒரு டிக் ஏற்கெனவே இருக்கும். மடிக்கணினியாக இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் இல்லாத நேரத்தில் சர்வர் தொடங்காது. செட்டிங்ஸ் தாளில், 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்று இன்னொரு டிக் இருக்கும். அதையும் எடுத்தே ஆக வேண்டும். "சர்வர் நன்றாகத்தான் ஓடியது, திடீரென்று நின்றுவிட்டது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்த டிக்கைப் பற்றித்தான். தோல்வியடைந்தால் 1 நிமிடத்தில் மறுபடி தொடங்கு என்ற அமைப்பும் அதே தாளில் உண்டு, அதைப் போட்டு வையுங்கள்.

எல்லாம் அமைத்தாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்து பார்ப்பது சரியான சோதனை அல்ல. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது கணினி தன் நிலையில் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதிலிருந்தே எழும். முழுமையாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

லாகின் திரை வந்ததும் லாகின் செய்யாமல் இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு போனில் பிரவுசரைத் திறந்து, கணினியின் ஐபி முகவரி, ஒரு முக்காற்புள்ளி, 8080 என்று அடியுங்கள். காலிபர் சர்வர் இயல்பாக 8080 போர்ட்டில்தான் (கணினிக்குள் ஒரு நிரலுக்கான வாசல் எண்) காத்திருக்கும். நூலகம் தெரிந்தால் வேலை முடிந்தது.

8080 வேறொரு நிரலிடம் இருக்கிறது என்கிறதே?

8080 பலரும் பயன்படுத்தும் எண். க்யூபிட்டோரண்டின் வலைப்பக்கமும் டாம்கேட்டும் இதையே எடுத்துக்கொள்ளும். கட்டளையில் இரண்டு சிறுகோடும் "போர்ட்" என்பதும் சேர்த்து வேறு எண் கொடுங்கள், உதாரணமாக 8090.

லினக்ஸிலோ ராஸ்பெரி பையிலோ எப்படி?

இதற்கு மிகப் பொருத்தமான இடம் இதுதான். ராஸ்பெரி பை என்ற கையடக்கச் சிறு கணினி என்றால் 64 பிட் இயங்குதளம் போடுங்கள். காலிபர் 6.0-லிருந்து 32 பிட் ஆதரவு கிடையாது.

சிஸ்டம்டி என்ற சேவை மேலாளரிடம் ஒரு சிறிய கோப்பைக் கொடுத்தால் போதும். எட்சி போல்டருக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம் என்ற போல்டரில், காலிபர்-சர்வர் என்ற பெயரும் "டாட் சர்வீஸ்" என்ற ஒட்டும் கொண்ட கோப்பாக எழுதுங்கள். அதில் மூன்று பகுதிகள். யூனிட் பகுதியில் ஒரு விளக்கமும், நெட்வொர்க்குக்குப் பிறகு தொடங்கு என்ற "ஆஃப்டர்" வரியும். சர்வீஸ் பகுதியில் "டைப்" சிம்பிள், "யூசர்" என்பதற்கு உங்கள் சாதாரணப் பயனர் பெயர், "எக்ஸெக்ஸ்டார்ட்" வரியில் காலிபர்-சர்வரின் முழுப் பாதையும் மேற்கோளுக்குள் லைப்ரரியின் பாதையும், விழுந்தால் எழுப்ப "ரீஸ்டார்ட்" என்பதற்கு "ஆன்-ஃபெயிலியர்". இன்ஸ்டால் பகுதியில் "வான்டட்பை" என்பதற்கு மல்டி-யூசர் டார்கெட். அவ்வளவுதான்.

"யூசர்" வரியை விட்டுவிட்டால் சர்வர் முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கில் ஓடும். அப்போது அது உருவாக்கும் கோப்புகளும் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், பிறகு உங்கள் கணக்கிலிருந்து ஒரு நூலைக்கூடத் திருத்த முடியாமல் திண்டாட வேண்டும். அந்த ஒரு வரியில் கவனம் வையுங்கள்.

பின்பு சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் முதலில் "டீமன்-ரீலோட்", அடுத்து "எனேபிள்" என்பதோடு "நவ்" விருப்பம். இப்போதே தொடங்கும், இனி ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் தொடங்கும். ஏதாவது சரியில்லை என்றால் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் காரணம் எழுதியிருக்கும். பெரும்பாலும் பாதையில் ஓர் எழுத்துப் பிழையாக இருக்கும்.

மேக்கில்?

உங்கள் ஹோம் போல்டரின் லைப்ரரி போல்டருக்குள் (காலிபரின் லைப்ரரி அல்ல, மேக்கினுடையது) இருக்கும் லாஞ்ச்ஏஜென்ட்ஸில் பிலிஸ்ட் என்ற வகை அமைப்புக் கோப்பு ஒன்றை வையுங்கள். "ரன்அட்லோட்", "கீப்அலைவ்" இரண்டும் ட்ரூ என்று இருக்க வேண்டும். இது லாகின் செய்த பிறகு ஓடும். லாகினுக்கு முன்பே ஓட, கணினி முழுமைக்கும் பொதுவான லாஞ்ச்டீமன்ஸ் போல்டரில் போட்டு, "யூசர்நேம்" என்ற இடத்தில் உங்கள் பெயரைக் கொடுங்கள். ஆனால் வட்டைப் பூட்டி வைக்கும் ஃபைல்வால்ட் வசதி இயக்கத்தில் இருந்தால், ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு யாராவது கடவுச்சொல் கொடுக்கும்வரை வட்டே திறக்காது, சர்வரும் வராது.

சர்வர் ஓடும்போது காலிபரைத் திறந்தால் "வேறொரு காலிபர் நிரல் ஓடுகிறது" என்கிறது. இது பிழையா?

பிழையல்ல, உங்கள் நூலகத்தைக் காப்பாற்றும் பூட்டு. லைப்ரரி போல்டரில் மெட்டாடேட்டா.டிபி என்று ஒரு கோப்பு இருக்கிறது. தலைப்பு, ஆசிரியர், தொடர், குறிச்சொல் எல்லாம் அந்த எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில்தான். ஒரே பரீட்சைத் தாளில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகுமோ, இரண்டு காலிபர் நிரல்கள் அந்தக் கோப்பைத் திருத்தினாலும் அதுதான் ஆகும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டும் என்பது விதி. இந்தப் பூட்டைத் தாண்டும் குறுக்கு வழிகள் இணையத்தில் கிடைக்கும். தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள். வருடக்கணக்கில் சேர்த்து, அட்டைப்படம் போட்டு, வரிசைப்படுத்திய நூலகம் அது.

அப்படியானால் புதிய நூல்களை எப்படிச் சேர்ப்பது?

மூன்று வழிகள். கொஞ்ச நூல்கள் என்றால் பிரவுசரிலேயே சேர்க்கலாம். அதற்கு எழுதும் உரிமை உள்ள பயனர் கணக்கு வேண்டும், ஏனென்றால் கடவுச்சொல் இல்லாத சர்வர் வீட்டு நெட்வொர்க்கில் படிக்க மட்டுமே அனுமதிக்கும். கட்டளை எழுதப் பழகியவர்கள் காலிபர்டிபி நிரலில் "வித்-லைப்ரரி" விருப்பத்துக்குப் போல்டரின் பாதையைக் கொடுக்காமல் சர்வரின் முகவரியைக் கொடுத்தால், அது சர்வர் வழியாகவே நூலைச் சேர்க்கும், பூட்டோடு மோதாது.

நிறைய நூல்கள், அட்டைப்படம் மாற்றுவது, தகவல் திருத்துவது என்றால் சர்வரை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து நிதானமாக வேலை செய்து, மூடிவிட்டு சர்வரை மறுபடி தொடங்குங்கள். வாரம் ஒரு மாலை இதற்கென ஒதுக்கினால் நூலகம் ஒழுங்காக இருக்கும்.

ஒரு போல்டரில் போட்டால் தானாகச் சேர்த்துக்கொள்ளும் "ஆட்டோமேட்டிக் ஆடிங்" வசதி ஜன்னலுக்கு மட்டும்தான். தனி சர்வர் அந்த போல்டரைக் கவனிக்காது.

கணினியிலேயே திறக்கிறது, போனில் திறக்கவில்லை. ஏன்?

பெரும்பாலும் ஃபயர்வால். விண்டோஸில் உங்கள் வைஃபை "பப்ளிக்" என்று குறிக்கப்பட்டிருந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும். வீட்டு வைஃபையைப் "பிரைவேட்" ஆக்கி, காலிபர்-சர்வருக்கு பிரைவேட் நெட்வொர்க்கில் மட்டும் அனுமதி கொடுங்கள். ஜன்னலில் ஓடும் காலிபருக்கு முன்பு கொடுத்த அனுமதி இந்தத் தனி நிரலுக்குப் பொருந்தாது, இது வேறு கோப்பு.

போன் கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் கிடைக்காது. பல ரூட்டர்கள் கெஸ்ட் வைஃபையில் இருப்பவர்களை வீட்டுக் கணினிகளைப் பார்க்க விடுவதில்லை. பிரவுசர் தானாக "எச்டிடிபிஎஸ்" என்று மாற்றிவிடுகிறதா என்றும் பாருங்கள். இங்கே எஸ் இல்லாத முகவரிதான்.

நேற்று வந்தது இன்று வரவில்லை என்றால் ஐபி முகவரி மாறியிருக்கும். ரூட்டரின் டிஎச்சிபி அமைப்பில் அந்தக் கணினிக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பிறகு வீட்டில் எல்லோர் போனிலும் ஒரு புக்மார்க் போட்டுக் கொடுத்துவிடலாம்.

அப்புறம், கணினி தூங்கிவிட்டால் சர்வரும் தூங்கும். பவர் அமைப்பில் ஸ்லீப் என்பதை "நெவர்" ஆக்குங்கள். திரை அணைவதில் பிரச்சினை இல்லை.

நூலகம் வெளி ஹார்டு டிஸ்க்கில் இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் சர்வர் தொடங்கும் முன் வட்டு தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "அங்கே காலிபர் லைப்ரரி இல்லை" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். லினக்ஸில் யூனிட் பகுதியில் "ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்" என்ற வரியில் பாதையைக் கொடுத்தால் காத்திருக்கும். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் வட்டுக்கு நிலையான எழுத்தை ஒதுக்குங்கள்.

நெட்வொர்க் டிரைவில் மட்டும் வைக்காதீர்கள். அங்கே எஸ்க்யூலைட் பூட்டுகள் நம்பகமாக வேலை செய்யாது, தரவுத்தளம் கெட்டுப்போகலாம். காலிபரின் கையேடும் இதையே எச்சரிக்கிறது.

கடவுச்சொல் போட்டேன், உள்ளே விடவில்லை.

இரண்டு காரணங்கள். பயனர் பட்டியல் ஒரு தனிக் கோப்பில் இருக்கிறது. ஜன்னலில் உருவாக்கிய பயனர்கள் உங்கள் கணக்கின் அமைப்பு போல்டரில் இருப்பார்கள், சர்வர் வேறு கணக்கில் ஓடினால் அவர்களைத் தெரியாது. "யூசர்டிபி" விருப்பத்தில் கோப்பின் பாதையை நேரடியாகக் கொடுத்து, "எனேபிள்-ஆத்" என்பதையும் சேருங்கள்.

இரண்டாவது, நீங்கள் படிக்கும் செயலி. காலிபர் சாதாரண எச்டிடிபியில் டைஜஸ்ட் என்ற முறையில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும். சில செயலிகளுக்கு பேசிக் முறை மட்டும்தான் தெரியும். அப்படியென்றால் "ஆத்-மோட்" விருப்பத்தை பேசிக் என்று மாற்றுங்கள், ஆனால் வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும். பேசிக் முறையில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே போகும்.

ஆளுக்கொரு கணக்கு வைப்பதில் ஓர் இனிய பயன் உண்டு. போனில் விட்ட பக்கத்திலிருந்து டேப்லெட்டில் தொடரலாம், வாசித்த இடத்தை சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளும்.

கோரீடர் போன்ற வாசிப்புச் செயலிகளில் இந்த நூலகத்தைச் சேர்க்க முடியுமா? கிண்டிலில்?

முடியும். சர்வர் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் "ஓபிடிஎஸ்" (செயலிகள் படிக்கும் நூல் பட்டியல் வடிவம்) என்பதும் சேர்த்து, செயலியின் கேட்டலாக் பகுதியில் கொடுங்கள். பழைய பிரவுசர் உள்ள கருவிகளுக்கு "மொபைல்" என்று சேர்த்தால் எளிய பக்கம் வரும். கிண்டில் பிரவுசரில் ஈபப் கோப்பைத் திறக்க முடியாது, அதற்கென நூலை ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கும் மாற்றி வையுங்கள்.

ஊருக்குப் போகும்போது வெளியிலிருந்து படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுவது வேண்டாம். 2024-ல் வெளியான சிவிஇ-2024-6782 என்ற பாதுகாப்புக் குறை இதற்குச் சரியான பாடம். காலிபர் 6.9 முதல் 7.14 வரையிலான பதிப்புகளின் சர்வரில், கடவுச்சொல்லே இல்லாமல் வெளியாள் உங்கள் கணினியில் கட்டளை ஓட்ட முடிந்தது. அப்போது இணையத்துக்குத் திறந்து கிடந்த ஒவ்வொரு வீட்டு சர்வரும் ஆபத்தில் இருந்தது. இன்னும் அந்தப் பதிப்புகளில் இருந்தால் இன்றே புதுப்பியுங்கள்.

டெயில்ஸ்கேல் போன்ற தனியார் வலைப்பின்னல் ஒன்றை கணினியிலும் போனிலும் நிறுவிவிட்டால், வீட்டில் இருப்பது போலவே திறக்கும், ஊருக்கெல்லாம் கதவு திறக்க வேண்டியதில்லை. பல இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுப்பதால், போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. அந்த வீடுகளிலும் இந்த வழி வேலை செய்யும்.

தமிழ் நூல்களுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

யூனிகோட் நூல்களுக்கு ஒன்றும் வேண்டாம். எழுத்துரு படிக்கும் கருவியிலிருந்தே வரும், தேடலும் தமிழில் வேலை செய்யும். பழைய குறியாக்கத்தில் செய்த கோப்புகள்தான் புரியாத எழுத்துகளாகத் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்கக் கால நூல்கள் பல டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் வந்தவை. அவற்றின் யூனிகோட் வடிவங்கள் அந்தத் திட்டத்திலேயே கிடைக்கின்றன, அவற்றைச் சேருங்கள்.

லைப்ரரி போல்டரைத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். வட்டில் காலிபர் அப்படித்தான் பெயரிடும், தமிழ்த் தலைப்பு தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்த போல்டர்களின் பெயரைக் கையால் மாற்றினால் தரவுத்தளத்துக்கு நூல் இருக்கும் இடம் தெரியாமல் போய்விடும்.

கரண்ட் போய் வந்தால் கணினி தானாக எழுமா? செலவு எவ்வளவு?

மேசைக் கணினியின் பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரை), மின்சாரம் திரும்பியதும் ஆன் ஆகு என்ற பொருளில் "ஏசி பவர் லாஸ்" என்றோ அதைப் போலவோ ஓர் அமைப்பு இருக்கும். "பவர் ஆன்" என்று வையுங்கள். ராஸ்பெரி பை மின்சாரம் வந்ததுமே எழுந்துவிடும்.

5 வாட் எடுக்கும் சிறு கணினி மாதம் முழுக்க ஓடினால் 3.6 யூனிட். 60 வாட் எடுக்கும் மேசைக் கணினி என்றால் 43 யூனிட்டைத் தொடும். சர்வருக்காக மட்டும் பெரிய கணினியை ஓட விடுவதாக இருந்தால், சிறு கணினி வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

காலிபர் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அது கெடலாம். சின்ன யுபிஎஸ் இருந்தால் நிம்மதி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் லைப்ரரி போல்டரை முழுதாக வேறொரு வட்டில் நகல் எடுத்து வையுங்கள். பயனர் கோப்பு அந்த போல்டருக்குள் இல்லை, அதையும் சேர்த்து எடுங்கள்.

புதிய பதிப்பு வந்தால்?

முதலில் சர்வரை நிறுத்துங்கள். விண்டோஸில் அது ஓடிக்கொண்டிருந்தால் நிறுவி கோப்புகளை மாற்ற முடியாமல் நிற்கும். டாஸ்க் ஷெட்யூலரில் "எண்ட்" கொடுத்து, நிறுவி, மறுபடி "ரன்" கொடுங்கள். லினக்ஸில் சிஸ்டம்சிடிஎல் "ஸ்டாப்", நிறுவல், "ஸ்டார்ட்". இருப்பிடம் மாறாததால் நீங்கள் எழுதிய டாஸ்க்கையும் சர்வீஸ் கோப்பையும் திருத்த வேண்டியிருக்காது. முடிந்ததும் போனில் ஒரு நூலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.